அந்தா போறது நாம

கூலக்கடை பஜாரில் யாரோடு பேசிக்கொண்டு நின்றாலும் ஒலி முகம்மதுவின் வலது கை சும்மா இருக்காது. எதிரே நிற்பவர் தோளில் கிடக்கிற துண்டின் ஓரத்தை மெல்லப் பிடித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டும். பேச்சு மழையைப் பற்றியோ அரிசியைப் பற்றியோ போய்க்கொண்டிருக்கும். விரல் தன்பாட்டுக்குத் தன் வேலையைப் பார்க்கும். திடீரென்று, சொல்லிக்கொண்டிருந்த சங்கதியைப் பாதியில் போட்டுவிட்டு, "நூலு நல்ல நூலு. ஆனா அடி பத்தலை" என்பார். துண்டுக்காரர் தன் துண்டைத் தானே ஒரு தடவை தூக்கிப் பார்த்துக்கொள்வார்.

அடி என்றால், தறியில் குறுக்கே ஓடும் நூலை முன்னிழுத்து நெருக்குகிற அடி. அது ஒரே சீராக, பலமாக விழுந்தால் துணி கெட்டி. கை சோர்ந்தால் துணியும் சோரும். துணியைப் பிடித்துப் பார்த்தே, நெய்தவன் காலையில் நெய்தானா, சாப்பிட்டுவிட்டுத் தூக்கக் கலக்கத்தில் நெய்தானா என்று சொல்லிவிடுவார். சரியா தப்பா என்று யாரும் போய் விசாரித்ததில்லை.

இந்தப் பழக்கத்தால் அவருக்கு வந்த சங்கடங்கள் கொஞ்சமல்ல. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் அங்கவஸ்திரத்தை இவர் உருட்டிப் பார்த்ததில் பெண் வீட்டார் முகம் சுளித்திருக்கிறார்கள். துட்டி வீட்டில் அழுகிறவரை ஆறுதலாக அணைத்த கை, முதுகுப் பக்கம் தொங்கிய துண்டைத் தேடிப் போயிருக்கிறது. "சொன்னா கேக்க மாட்டேங்குது" என்று தன் கையைப் பார்த்தே குறைப்பட்டுக்கொள்வார், அடங்காத பிள்ளையைச் சொல்வதுபோல.

ஆள் ஒல்லி. நாற்பத்தைந்து வயது. குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து முப்பது வருஷம் ஆகிறது. குறுக்கு நூலை ஓட்டுகிற நாடாக் கயிற்றை இழுத்து இழுத்து வலது தோள் இடது தோளைவிட ஒரு விரற்கடை உயர்ந்துவிட்டது. அதனால் சட்டை எப்போதும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். தையற்காரர் இரண்டு தடவை சரி செய்து பார்த்தார். மூன்றாம் தடவை, "சட்டையில கோளாறு இல்ல பாய்" என்று சொல்லிவிட்டார்.

அவர் நெய்வது குற்றாலத் துண்டு. வெள்ளை உடல், நீலக் கரை, கரைக்குள்ளே மயிரிழைபோல ஒரு சிவப்புக் கோடு. அந்தச் சிவப்புக் கோடு அவருடைய சொந்த யோசனை. மனைவி ஜாஹிரா பீவி ராட்டையில் நூல் சுற்றிக் கொடுப்பாள், இவர் நெய்வார். வைகாசி பிறந்ததும் குற்றாலம் பஜாரிலிருக்கும் நயினார் கடைக்குத் துண்டுகள் கட்டுக் கட்டாகப் போகும். மூலையில் கடையின் முத்திரை விழும். நெய்தவர் பேர் எங்கும் இராது. அதில் அவருக்கு வருத்தம் கிடையாது. "பேரு எதுக்கு? எனக்குத் தெரியுதுல்லா" என்பார்.

வருத்தம் ஒன்றே ஒன்றுதான். இரண்டு தெரு தள்ளி மசூது என்று இன்னொரு தறிக்காரர் இருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன் மசூதுவின் துண்டிலும் அந்தச் சிவப்புக் கோடு வந்துவிட்டது. அன்றைக்கு நின்றது பேச்சு. வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் இருவரும் ஒரே வரிசையில்தான் நிற்பார்கள். தொழுகை முடிவில் ஸலாம் சொல்லி முகத்தை இரண்டு பக்கமும் திருப்ப வேண்டுமே, மசூது இருக்கிற பக்கம் திரும்பும்போது மட்டும் ஒலி முகம்மது கண்ணை மூடிக்கொள்வார் என்று பக்கத்தில் நிற்பவர்கள் சொல்கிறார்கள்.

சீசன் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை, தறிக்கு லீவு நாள், குடும்பத்தோடு குற்றாலம் போவது அவர் வீட்டுச் சட்டம். ஜாஹிரா பீவி, பதினொரு வயது மெஹர் பானு, ஐந்து வயது சின்னவள் சைதூன், அவர். ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பிட்டதும் புறப்பாடு. போகும்போது நடை, வரும்போது பஸ். போகும்போது பிள்ளைகளுக்குக் காலில் சக்கரம் இருக்கும், வரும்போது இருக்காது என்பது அவருடைய கணக்கு. ஓலைப் பெட்டியில் புளிச்சோறும் துவையலும். ஒரு சின்ன சீசாவில் தேங்காய் எண்ணெய். புதிதாக வாங்கிய சோப்புக் கட்டி ஒன்று. அதை நீளமான நூல் ஒன்றைச் சுற்றி இழுத்துச் சரிபாதியாக அறுத்துவிடுவார். பாதி ஆண்கள் பக்கம், பாதி பெண்கள் பக்கம். கத்தியால் அறுத்தால் உதிர்ந்து வீணாகும் என்பார்.

தின்பண்டத்துக்கும் சட்டம் உண்டு. மேலகரம் தாண்டும்போதே பிள்ளைகளிடம் கேட்டுவிடுவார். "பஜ்ஜியா, மங்குஸ்தானா? இப்பவே சொல்லிரணும். அங்கன போய் மாத்தக் கூடாது." பிள்ளைகள் ஒரு மைல் தூரம் தர்க்கம் செய்துகொண்டே நடப்பார்கள். ஒருத்தி பஜ்ஜி, ஒருத்தி மங்குஸ்தான் என்று முடிவாகி, ஆளுக்குப் பாதி மாற்றிக்கொள்வதாக ஒப்பந்தம் ஆகும். இரண்டு வாயிலும் இரண்டு ருசி விழுந்துவிடும். இதைத் தகப்பன் கண்டுகொள்ளாததுபோல நடந்துகொள்வார்.

நன்னகரம் கடந்தால் காற்று மாறும். தூரத்து மலையில் சுண்ணாம்பு இழுத்ததுபோல அருவி தெரியும். பிள்ளைகள் அதைப் பார்த்துக் குதிப்பார்கள். ஒலி முகம்மது அருவியைப் பார்ப்பதில்லை. எதிரே குளித்துவிட்டு வருகிறவர்களின் தோள்களைப் பார்ப்பார்.

போன ஆனியில் போனபோதும் அப்படித்தான். பஜார் முனையில் குடும்பத்தை நிறுத்திவிட்டு, தானும் நின்றுகொண்டார். கார்களில் வந்தவர்கள், மதுரைக்காரர்கள், மெட்ராஸ்காரர்கள், மலையாளத்துக் குடும்பங்கள், ஈரத் தலையும் நடுங்கும் பல்லுமாகக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது.

"வாப்பா, குளிக்கப் போவலையா?" என்றாள் சின்னவள்.

"அருவி எங்கன போயிரப் போவுது? இரி" என்றார். பிறகு மெஹர் பானுவின் தோளைத் தொட்டு, "அந்தா பாரு, கண்ணாடி போட்டவரு. அந்தா போறது நாம" என்றார்.

தன் துண்டை அவர் நாம என்றுதான் சொல்வார். மெஹர் பானு எண்ணத் தொடங்கினாள். கார்க் கதவைத் திறந்த பெரியவர் தோளில் நாம. பெண்கள் கும்பலில் ஒருத்தி தலையைச் சுற்றி நாம. பலாப்பழக் கடையில் ஈ விரட்டிக்கொண்டிருந்த ஆளின் கையிலும் நாம. பத்தொன்பது வரை வந்தபோது அவள், "வாப்பா, அது?" என்று ஒருவரைக் காட்டினாள். சிவப்புக் கோடு தெரிந்தது. ஒலி முகம்மது கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"அது நாம இல்ல" என்றார். யாருடையது என்று சொல்லவில்லை. ஜாஹிரா பீவி வெள்ளைத் துப்பட்டிக்குள் சிரித்துக்கொண்டாள்.

குளித்தார்கள். பாதிச் சோப்பு இரு பக்கமும் கரைந்தது. பஜ்ஜியும் மங்குஸ்தானும் ஒப்பந்தப்படி கை மாறின. பாலத்துக்குக் கீழே, ஓடைக் கரையிலிருந்த பெரிய பாறையில் உட்கார்ந்து புளிச்சோற்றுப் பெட்டியைத் திறந்தார்கள். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. சாப்பாடு முடிந்து ஜாஹிரா பீவி பெட்டியைக் கழுவ எழுந்த நேரத்தில்தான் சத்தம் மாறியது.

அருவியின் இரைச்சல் குற்றாலத்தில் யாருக்கும் காதில் ஏறாது, எப்போதும் இருப்பதால். அது கனத்தபோது எல்லோரும் ஒரே சமயத்தில் தலையைத் தூக்கினார்கள். மலை மேலே எங்கோ பலத்த மழை பெய்திருக்கிறது. வெள்ளையாக விழுந்துகொண்டிருந்த தண்ணீர் செம்மண் நிறமாக விழுந்தது. காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் சொரிமுத்து விசிலை ஊதிக்கொண்டே ஓடினார். ஆட்கள் துணியை வாரிக்கொண்டு மேலேறினார்கள். ஒலி முகம்மது ஒரு பிள்ளையையும் ஜாஹிரா பீவி ஒரு பிள்ளையையும் தூக்கிக்கொண்டு பாலத்தை ஒட்டிய மேட்டுக்கு வந்துவிட்டார்கள்.

அங்கிருந்து திரும்பிப் பார்த்தபோது ஓடை நடுவே ஒரு பாறையில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கடையத்துச் சம்சாரி, வயலும் வரப்புமாக இருப்பவர், செல்லப்பா என்று பேர். நெல்மூட்டைபோல உடம்பு. வேட்டியை அலசுவதற்காகப் பாறைக்குப் பாறை தாண்டிப் போயிருக்கிறார். அலசிவிட்டுத் திரும்பினால், தாண்டி வந்த பாறையைக் காணோம். தண்ணீர் அதை முழுங்கிவிட்டது. கரைக்கும் அவருக்கும் நடுவே இருபதடி. அந்த இருபதடியிலும் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது.

கரையில் அவர் மனைவி ஆவுடைத்தாய், "யாராவது பிடிங்களேன், அவுகளுக்கு நீச்சல் தெரியாதே" என்று கத்திக்கொண்டிருந்தாள். சொரிமுத்து கயிறு கொண்டுவர பஜாருக்கு ஆள் அனுப்பினார். ஆள் போனான், வரவில்லை. செல்லப்பாவின் கணுக்காலில் இருந்த தண்ணீர் முழங்காலுக்கு வந்தது.

கூட்டத்தில் யாரோ, "துண்டெல்லாம் சேத்துக் கட்டுங்கலே" என்றார்கள். தோள்களிலிருந்து துண்டுகள் பறந்து வந்து குவிந்தன. சொரிமுத்து கையில் கிடைத்த இரண்டை எடுத்து முடிச்சுப் போடப் போனார். ஒலி முகம்மது பிள்ளையை இறக்கிவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அவர் கையிலிருந்த இரண்டையும் பிடுங்கிக்கொண்டார்.

முதல் துண்டை விரலில் உருட்டினார். ஒதுக்கி எறிந்தார். இரண்டாவதை உருட்டினார். வைத்துக்கொண்டார். மூன்றாவது பளபளவென்று ஜரிகை மாதிரிக் கரை வைத்த கடைத் துண்டு. எடுத்த வேகத்தில் எறிந்தார்.

சொரிமுத்துவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னவே பாயி, ஆளு அங்கன சாகப் போறான், நீரு துண்டுக்கு வெல பாத்துக்கிட்டு இருக்கீரு?"

ஒலி முகம்மது தலையை நிமிர்த்தவில்லை. "பளபளப்புக்குப் போட்டிருக்க நூலு ஏட்டையா இது. ஈரம் பட்டா செத்துப்போவும். ஒன்னு விட்டா அவ்வளவும் போச்சு" என்றார். விரல்கள் ஓடிக்கொண்டே இருந்தன.

சொரிமுத்து குனிந்தார். குவியலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அவர் கையில் கொடுக்க ஆரம்பித்தார்.

நாம என்று சொல்லத்தக்கவை மூன்று வந்தன. அவற்றை மடியில் போட்டுக்கொண்டார். தன் தோளில் கிடந்த துண்டையும் உருவினார். அதைப் பார்த்தார். "இது வேண்டாம். வீட்டுக்கு நெய்ஞ்சது, கழிவு நூலு" என்று தானே தூர எறிந்தார். அப்புறம் இன்னொன்று வந்தது. சிவப்புக் கோடு போட்டது. அதை உருட்டிய விரல் நின்றது. மறுபடி உருட்டியது. இழுத்துப் பார்த்தார், முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

"மசூது தறி" என்றார். அங்கே மசூதுவைத் தெரிந்தவர் யாருமில்லை. ஆனாலும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "அடி நல்லா விழுந்திருக்கு. இதுமாதிரி இன்னொன்னு கெடந்தா எடுங்க. பாரம் நடுவுலதான் விழும். இதத்தான் நடுவுல போடணும்."

இன்னொன்று கிடைத்தது. வேறு யார் கையோ, நல்ல கையென்று மூன்று துண்டுகளும் சேர்ந்தன. மொத்தம் எட்டு. "எல்லாத்தையும் தண்ணியில முக்குங்க. நனைஞ்ச பருத்திதான் பலம்" என்றார். முக்கி, ஒவ்வொன்றையும் முறுக்கி, அறுந்த நூலைத் தறியில் பிணைக்கிற அதே முடிச்சைத் துண்டுகளுக்குப் போட்டார். இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சு அது. ஏழு முடிச்சு. செல்லப்பாவுக்குத் தண்ணீர் தொடைக்கு வந்திருந்தது.

நுனியில் ஒரு கல்லைக் கட்டி சொரிமுத்து வீசினார். முதல் வீச்சு தண்ணீரோடு போயிற்று. இரண்டாவது பாறையில் மோதி விழுந்தது. மூன்றாவதைச் செல்லப்பா மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"அக்குளுக்குக் கீழ சுத்திக் கெட்டும் அண்ணாச்சி" என்று ஒலி முகம்மது கத்தினார். "ரெண்டு முடிச்சாப் போடும். பயப்படாதீரு. அறாது."

அறாது என்று சொல்லிவிட்டார். ஆறு பேர் இந்தப் பக்கம் பிடித்தார்கள். அவர் முன்னால் நின்று பிடித்தார். செல்லப்பா பாறையை விட்டுக் காலை எடுத்ததும் தண்ணீர் அவரை அப்படியே வாரிப் பக்கவாட்டில் கொண்டுபோனது. துண்டுக் கயிறு விறைத்து நின்றது. முறுக்கிலிருந்து தண்ணீர் பொடிப்பொடியாகத் தெறித்தது. நடுவில் ஒரு முடிச்சு வழுகுவதை ஒலி முகம்மது கண்ணால் பார்த்தார். ஒரு விரற்கடை வழுகியது. இன்னொரு விரற்கடை. பிறகு கவ்விக்கொண்டது.

பத்துப் பதினைந்து இழுப்பில் ஆள் கரைக்கு வந்தார். முழங்கால் சிராய்ப்பைத் தவிர ஒன்றுமில்லை. கரையேறியதும் மண்ணில் உட்கார்ந்து, எல்லோர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆவுடைத்தாய் அவர் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். "வேட்டி அலசப் போனீகளோ, வேட்டி" என்று சொல்லிவிட்டு அந்த முதுகிலேயே சாய்ந்து அழுதாள். அலசிய வேட்டி எந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்ததோ தெரியவில்லை.

அழுகை அடங்கியதும் அவள் ஒலி முகம்மதுவைப் பார்த்தாள். "சாயபு, இது உங்க துண்டா?"

"இதுல மூணு என் தறி" என்றார். "நடுவுல கெடக்கது ரெண்டும் மசூதுன்னு ஒருத்தரு நெய்ஞ்சது. மத்தது யாருன்னு தெரியலை. ஆனா எல்லாம் நல்ல கை. பாருங்க, ஒரு இழை விடலை."

சொன்னபோது குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. உயர்ந்த தோள் இன்னும் சற்று உயர்ந்தது. சொரிமுத்து பக்கத்தில் வந்து, "நான் சொன்னத மனசுல வச்சுக்கிடாதீரு பாய்" என்றார். "எது?" என்று கேட்டார் ஒலி முகம்மது. மறந்தேவிட்டார்.

இருட்டத் தொடங்கியிருந்தது. பாலத்து விளக்கு எரிந்தது. துண்டுக்காரர்கள் எட்டுப் பேரும் வெறும் தோளோடு சாரலில் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். முடிச்சுகள் கல்லாக இறுகிப் போயிருந்தன. பழக்கடையிலிருந்து ஒருவர் கத்தியைக் கொண்டுவந்து, "வெட்டிருவோம் பாய். துண்டுதான, போனாப் போவுது" என்றார்.

ஒலி முகம்மது கயிற்றின் மேல் குறுக்கே கையை வைத்துவிட்டார். "வெட்டுததுக்கா நெய்ஞ்சிருக்கு? செத்த பொறுங்க, அவுத்துத் தாரேன்."

மேட்டிலிருந்த ஒரு பாறையில் உட்கார்ந்து முதல் முடிச்சைப் பிடித்தார். அப்போதுதான் தெரிந்தது, கயிறு இழுத்ததில் விரல் பத்தும் மரத்துப்போயிருந்தன. நகம் ஊன்றவில்லை. பல்லால் கடித்துப் பார்த்தார். நெகிழ்ந்தது, மறுபடி வழுகியது. கத்திக்காரர் இன்னும் போகாமல் பக்கத்திலேயே நின்றார். சுற்றி ஐம்பது ஆண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜாஹிரா பீவி இரண்டு பிள்ளைகளையும் ஆவுடைத்தாயின் பக்கத்தில் விட்டாள். கூட்டம் வழிவிட, நேரே நடந்து வந்து, கணவன் இருந்த பாறையிலேயே அவரை ஒட்டி உட்கார்ந்தாள். துப்பட்டியை முழங்கைவரை சுருட்டிவிட்டுக்கொண்டாள். கயிற்றின் மறு நுனியைத் தன் மடிக்கு இழுத்து, யாரையும் நிமிர்ந்து பாராமல், முடிச்சின் இடுக்கில் ராட்டை நூலில் பழகிய நகத்தை விட்டு ஒரு திருப்புத் திருப்பினாள். நெகிழ்ந்து வந்தது. அந்தத் துண்டைப் பிழிந்து, ஒரு தரம் உதறி, சிவப்புக் கோட்டுக் கரை வெளியே தெரியும்படி நான்காக மடித்து, எல்லோருக்கும் முன்னால் கணவன் கையில் கொடுத்தாள்.